தண்ணீர் நேராக ஓடும் இடம்

பிளாஸ்டிக் மக்கில் இருந்த தண்ணீரைத் தரையில் மெதுவாக ஊற்றிவிட்டு, மெஹக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அது போகும் வழியைப் பார்க்கிறாள். தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சுவரோரம் ஓடுகிறது. இன்னொன்று நடுவிலேயே தேங்கி நிற்கிறது. "இங்க ஆவாது" என்று எழுந்து, பத்தடி தள்ளிப் போய் மறுபடி ஊற்றுகிறாள். அடையாற்றில் உள்ள அந்தக் கல்வி வளாகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், செடியே இல்லாத இடத்துக்குத் தண்ணீர் விடும் தோட்டக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். பழையவர்கள் பேசாமல் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

முப்பத்தொரு வயது. ஒடிசலான தேகம். சல்வாருக்கு மேல் காக்கிச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. புல் வெட்டும் வண்டியில் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிற துணி ஆகாது என்பதால் வேலை நேரத்தில் துப்பட்டா கிடையாது. அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்தது அவளுடைய அக்கா ஹமீதுன்னிசா. மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். இரும்பு ஸ்கேல் வைக்க நீளமாக ஒரு பை, கொண்டை ஊசி போன்ற கம்பிப் பின்களை வைக்க மூடியுள்ள சின்னப் பை, காற்றளக்கும் கருவிக்கு இடுப்பில் ஒன்று. பழைய ஜீன்ஸை வெட்டி இரண்டு மடிப்பில் தைத்த கையுறையும் அக்காவின் வேலைதான். பிளேடைக் கையால் திருப்ப அது இல்லாமல் மெஹக் குனியமாட்டாள்.

அவள் பொறுப்பில் இருப்பது ஒரு குட்டி டிராக்டர். உழுவதற்கல்ல, புல் வெட்டுவதற்கு. அதன் வயிற்றுக்கடியில் பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்ததுபோல ஒன்று தொங்கும். அதற்குள்தான் பிளேடுகள் சுழலும். வளாகத்தில் எல்லாரும் அதை டெக் என்பார்கள். ஈரப்புல் அப்பிக்கொண்டால் கழற்றிச் சுரண்ட வேண்டும். பிளேடைச் சாணை பிடிக்கவும் கழற்ற வேண்டும். கழற்றுவது அரை மணி வேலை. திரும்ப மாட்டி மட்டம் பார்ப்பதில்தான் சூட்சுமம்.

ஆறு வருஷத்துக்கு முன் இலை கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தவள் அவள். வண்டி வந்து இறங்கிய நாளில், கம்பெனி ஆள் நாலு ஆண்களை வரிசையாக நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். துடைப்பத்தோடு தூரத்தில் நின்ற ஐந்தாவது ஆள்தான் அதைக் கேட்டுக்கொண்டது. இரண்டே வருஷத்தில் நாலு பேரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கையேட்டில் இங்கிலீஷ் புரியாத இடத்தில் மெஹக் படத்தைப் பார்த்தாள். படமும் புரியாத இடத்தில் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தாள்.

அவள் வேலை செய்யும் முறை மாறவே மாறாது. முதலில் பிளக் ஒயரைப் பிடுங்கிவிடுவாள். "வண்டி தூங்கினாதான் அது வாய்ல கைய வைக்கலாம்" என்பாள். பிறகு நாலு டயருக்கும் காற்று அளப்பாள். ஒரு டயர் தொய்ந்திருந்தாலும் அதன்பின் அளப்பதெல்லாம் பொய். முன்சக்கரத்தை ஒரு பக்கமாக ஒடித்துத் திருப்பி வைத்து, டெக்கைப் பக்கவாட்டில் உள்ளே தள்ளி, அதைத் தாங்கும் இரும்புக் கைகளைக் கோத்து, பின்களைச் செருகி, பெல்ட்டை முறுக்கு விழாமல் புல்லியில் மாட்டுவாள். கடைசியாகத்தான் ஸ்கேல் வெளியே வரும். இடப்பக்கம் பிளேடின் நுனிக்கும் தரைக்கும் எவ்வளவோ, வலப்பக்கமும் அவ்வளவு இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் பின்பக்கத்தைவிட இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இறங்கியிருக்க வேண்டும். "லேசா தல குனிஞ்சிகினு போவணும். நிமிந்துகினு போனா வெட்டின புல்லையே திரும்ப வெட்டும், வண்டிக்கு மூச்சு முட்டும்."

இத்தனை கறாரான ஆளுக்கும் இந்த வருஷம் ஒரு சறுக்கல் நேர்ந்தது. ஷெட்டில் நிறுத்தி, ஒரு நூல் பிசகாமல் அளந்து மாட்டிய டெக், மறுநாள் பெரிய புல்வெளியைப் படிப்படியாக வெட்டி வைத்தது. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம். மொட்டை மாடியிலிருந்து பார்த்த மாணவர்கள் படம் எடுத்தார்கள். வளாகத்து டிரைவர் டில்லிபாபு அதற்குக் கோணக் கிராப்பு என்று பெயர் வைத்தார். பராமரிப்பு அதிகாரி வேதாந்தம் வண்டிச் சாவியை வாங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார்.

பதினோரு நாள் அவள் இலை கூட்டினாள். பன்னிரண்டாம் நாள் ஷெட்டைக் கழுவிவிடும்போது தண்ணீர் ஓடுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மழைத்தண்ணீர் வெளியே போக, கொத்தனார் தரைக்கு வாட்டம் கொடுத்திருந்தார். அதுவும் வலது மூலையில் கிண்ணம்போலக் குழித்து. வலப்பக்கப் பிளேடுக்கு அடியில் அந்தப் பள்ளம். தரையை நம்பி அளந்ததால் டெக்கே அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. அளவில் தப்பில்லை, அளந்த இடம்தான் தப்பு. மக் தண்ணீர் வழக்கத்துக்கு வந்தது அன்றிலிருந்துதான். தண்ணீர் ஒரே சீராக ஒரு பக்கம் ஓடினால் அது நல்ல தரை. பிரிந்தாலோ தேங்கினாலோ அங்கே நட்டில் கை வைக்கமாட்டாள்.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, வேதாந்தம் டிராயரைத் திறந்தார். இந்த ஒரு தடவை கொடுக்கிறேன், மறுபடி படி விழுந்தால் திங்கட்கிழமை முதல் கம்பெனி ஆளே வந்து ஓட்டுவான், நீ கூட்டுகிற வேலைக்கே போய்விடலாம் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

காலையில் சாப்பிடாமல் ஓடிவிட்ட தங்கைக்கு டிபன் டப்பாவோடு பஸ் ஏறி வந்த ஹமீதுன்னிசா, எல்லாவற்றையும் விழா அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தாள். மெஹக் ஷெட் வாசலில் ஊற்றினாள், கார் நிறுத்துமிடத்தில் ஊற்றினாள், கூடைப்பந்து மைதானத்தில் ஊற்றினாள். எங்கேயும் சரிப்படவில்லை. டில்லிபாபு காருக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"இன்னா தங்கச்சி, நாளைக்கும் கோணக் கிராப்புதானா?"

"உன் தலையக் குடுண்ணே, மொதல்ல அதுல ஓட்டிப் பாக்கறேன்."

டில்லிபாபு தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவிக் காட்டினார். "இங்க வெட்டறதுக்கு இன்னா கீது?"

கடைசியில் விழா அரங்கின் முகப்பில், பாலிஷ் போட்ட கருங்கல் தளத்தில் தண்ணீர் ஒரே பட்டையாக, நூல் பிடித்தாற்போல் ஓடியது. மெஹக் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து வேதாந்தம் வேகமாக இறங்கி வந்தார்.

"இங்கே கொண்டுவரப்படாது. நாளைக்கு அத்தனை பேரும் கால் வைக்கற இடம். எண்ணெய் ஒரு சொட்டு பட்டாலும் கல்லு குடிச்சுடும்."

"எல்லா இடமும் ஊத்திப் பாத்துட்டேன் சார். இங்கதான் நேரா போவுது." அவள் மக்கை நீட்டினாள். "நீங்களே ஊத்திப் பாருங்க."

அவர் வேட்டியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு ஊற்றினார். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு பார்த்தார். இன்னொரு இடத்தில் ஊற்றினார். மூன்றாவது தடவை மக்கை அவரே போய் நிரப்பிக்கொண்டு வந்தார்.

"பேஷ்" என்றார். பிறகு குரலைத் திருத்திக்கொண்டு, "கறை பட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

ஹமீதுன்னிசா தன் பையிலிருந்த லைனிங் துணியை எடுத்துக் கல்லின் மேல் விரிக்கப் போனாள். மெஹக் உருதுவில் தடுத்தாள். துணியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் அளவு கெட்டுவிடும் என்றாள். அரை நூல் வித்தியாசத்துக்காக முழு ரவிக்கையைப் பிரித்துப் போடுகிறவள் அந்த அக்கா. துணியை மடித்து வைத்துக்கொண்டாள். முகத்தில் வந்த சிரிப்பை மட்டும் மடித்து வைக்க முடியவில்லை.

அந்தக் கல் தளத்திலேயே டெக்கை மட்டம் பார்த்து மாட்டி ஓட்டியதில், மாலை நாலு மணிக்குப் பெரிய புல்வெளி முடிந்தது. வேதாந்தம் செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டைகளுக்குக் குறுக்கே வெறுங்காலோடு நடந்தார். ஒவ்வொரு பட்டை சேரும் இடத்திலும் நின்று பாதத்தால் தடவிப் பார்த்தார். அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தார். மெஹக் திருப்பிக் கொடுக்கச் சாவியை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார், சாவியை வாங்கவில்லை.

"லைப்ரரி பின்னாடியும் புல் மண்டிக் கிடக்கு. திங்கட்கிழமை காலம்பற ஆரம்பிச்சுடு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

டிபன் டப்பா திறக்காமலே இருந்தது. அக்கா கூப்பிட்டாள். மெஹக் சாவியை மூடியுள்ள சின்னப் பைக்குள் போட்டு மூடினாள். மக்கையும் ஒரு பழந்துணியையும் எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போனாள். வண்டி நின்ற இடத்தில் மண்டியிட்டு, கன்னம் கல்லில் படும்படி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. இருந்தாலும் தண்ணீரை ஊற்றி, அது ஓடி முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, அழுத்தித் துடைத்தாள்.