நடுக்கடலில் அழைத்தால் அழைப்பாகுமா

நாமக்கல்லில் எனக்கு லாரி டயர் கடை. சங்ககிரியில் அக்கா வீட்டுக்காரருக்கும் அதே தொழில், அதே கம்பெனி டயர். போன ஆடியில், நன்றாக விற்ற டீலர்களைக் கம்பெனிக்காரர்கள் மனைவியோடு கப்பல் பயணம் அழைத்துப் போனார்கள். சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து ஒரு வாரம் கடல். அக்காவும் வருகிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காய்ச்சல் என்று சொல்லிக் கட்டிலில் படுத்திருப்பேன்.

அக்காவுக்கும் எனக்கும் ஐந்து வருஷமாகப் பேச்சில்லை. காரணம் என் மகள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை மணவறையில் உட்கார வைத்துச் செய்வது. உடன்பிறந்தவனுக்குப் பெண் பிறந்தால் அது அவள் வீட்டுக்குத்தான் என்று அதற்கொரு பொருள் சொல்வார்கள். எனக்கு இணைச்சீர் செய்தவள் அக்கா. பின்னாளில் தன் மகனுக்கு என் மகளைக் கேட்டு வந்தாள். மகளோ, "சின்ன வயசுல இருந்து அவன்கூட அடிச்சுப் புடிச்சு வளந்தவ நான், கட்டிக்கறதுக்கு மனசு வரலீங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. அது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. "இணைச்சீர்ல உக்கோந்தவளுக்கு இதுதான் மரியாதையா?" என்று கேட்டுவிட்டு அக்கா கிளம்பிப் போனாள்.

ஊரில் பேச்சில்லாமல் இருப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. விசேஷ வீடென்றால் அவர்கள் முகூர்த்தத்துக்கு வருவார்கள், நாங்கள் முந்தின நாள் சாயங்காலமே தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவோம். அவர்கள் கார் எதிரே வந்தால் வேறு ரோட்டில் திருப்பிக்கொள்ளலாம். இத்தனை ரோடு போட்டு வைத்திருப்பது பின்னே எதற்கு?

ஆனால் போன வருஷம் சிக்கல் வேறு. அக்கா மகனுக்குப் பெண் அமைந்து, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. நான் தாய்மாமன். மாமன் சீரோடு மேடையில் அவன் பக்கத்தில் நிற்க வேண்டியவன். என் இடத்தில் எங்கள் பெரியப்பா மகனை நிறுத்தப் போவதாகக் காற்றுவாக்கில் காதில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அழைக்காமல் போக முடியுமா? போனால்தான் எந்த முகத்தோடு நிற்பது?

இந்த லட்சணத்தில்தான் கப்பல் ஏறினேன். முதல் நாள் ராத்திரி, சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் மேஜையைத் தேடிப் போனால் அங்கே நாலு நாற்காலி. இரண்டில் அக்காவும் அவள் வீட்டுக்காரரும். கம்பெனியின் சென்னை அதிகாரி பின்னாலேயே வந்து, "ஒரே ஊர்ப் பக்கமாச்சே, பேச்சுத்துணையா இருக்கும்னு நான்தான் சேர்த்துப் போட்டேன்" என்றார் பெருமையாக. அவரைப் பிடித்துக் கடலில் தள்ளலாம் போலிருந்தது. மாற்றித் தரச் சொன்னேன். கப்பலில் மேஜை ஒதுக்கினால் ஒதுக்கியதுதானாம். கடைசி நாள் வரை ராத்திரிச் சாப்பாடு அங்கேதான்.

போதாக்குறைக்கு அந்த மேஜைக்கு ஏகப்பட்ட மரியாதைகள். அரைக்கால் சட்டையோடு வரக் கூடாது. மடியில் துணி விரிக்க வேண்டும். எல்லாருக்கும் தட்டு வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது, எல்லாரும் முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. ஊர்ப் பந்தியில் ஆகாதவர்கள் எதிரே உட்கார்ந்துவிட்டால் நாலு வாய் அள்ளிப் போட்டு இலையை மடித்துவிடலாம். இங்கே ஒவ்வொரு பதார்த்தமும் ஆடி அசைந்து வந்தது. நான் அக்காவின் தலைக்கு மேலிருந்த விளக்கைப் பார்த்தேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள்.

உப்பு என் பக்கம் இருந்தது. அக்கா தன் வீட்டுக்காரரிடம், "அந்த உப்பைத் தள்ளச் சொல்லுங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, உப்பு" என்றார். தள்ளினேன். பரிமாற வந்த பையன், நாங்கள் ஒரே குடும்பமா என்று சிரித்த முகத்தோடு கேட்டான். என் மனைவிதான் தலையை ஆட்டி வைத்தாள்.

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா ராத்திரியா தெரியாது. ஊரில் கோழிப் பண்ணைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான், ஆனாலும் கூண்டுக் கோழியின் பாடு எனக்கு அங்கேதான் புரிந்தது. வேளாவேளைக்குத் தீனி உண்டு, காற்று உண்டு, திரும்பத்தான் இடமில்லை. லிஃப்டில் அக்கா, நீச்சல் குளத்தோரம் அக்கா, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று ஒத்திகை பார்த்த இடத்திலும் பக்கத்து வரிசையில் அக்கா. கப்பல் கவிழ்ந்தால்கூட அவளோடு ஒரே படகில்தான் ஏற வேண்டும் என்று தெரிந்தபோது, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

"ஏனுங்க, நீங்களா ரெண்டு வார்த்தை பேசினாத்தான் என்ன?" என்றாள் மனைவி.

"அழைக்கோணும்னா அவங்கதான் அழைக்கோணும். நான் போய்க் கேட்டு வாங்கறதா?" என்றேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு, காலையில் நடந்தாக வேண்டும். மேல்தளத்தில் கப்பலைச் சுற்றி நடக்க ஒரு பாதை இருந்தது. போனால் அங்கேயும் அக்கா. எங்கள் குடும்பத்துச் சொத்து சர்க்கரை, அவளுக்கும் பங்கு உண்டு. பின்னால் போவது கௌரவக் குறைவாகப் பட்டதால் நான் எதிர்த்திசையில் நடந்தேன். வட்டப் பாதையில் அதனால் என்ன லாபம்? சுற்றுக்கு இரண்டு முறை நேருக்கு நேர் வந்தோம். ஒவ்வொரு முறையும் நான் கடலைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். கப்பல் சிப்பந்தி ஒருவர் வந்து, தரையில் வரைந்திருந்த அம்புக்குறியைப் பணிவாகக் காட்டினார். நடப்பவர்கள் எல்லாரும் ஒரே திசையில்தான் போக வேண்டுமாம்.

வேறு வழியில்லாமல் அவள் பின்னால் நடந்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவள் வலது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். மூட்டு தேய்ந்திருக்க வேண்டும். ஐந்து வருஷத்தில் என் அக்காவுக்கு மூட்டு வலி வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. தாண்டிப் போக இடமிருந்தும் நான் போகவில்லை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள், அவள் திரும்பாமலே, "முன்னால போறதுன்னா போ. பின்னால வந்தா எனக்குக் கால் பின்னுது" என்றாள்.

"நான் பின்னாலயே வாரேன்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

பாதி சுற்று போன பிறகு நானே, "கல்யாணம்னு கேள்விப்பட்டேனுங்க்கா" என்றேன். வைராக்கியமெல்லாம் அவ்வளவுதான்.

"கேள்விப்பட்டு வர்றதுக்கு அதென்ன சந்தையா?" என்றாள், அப்போதும் திரும்பாமல். "ஊட்டுக்கு வந்து, தட்டு வெச்சு அழைக்கோணும். நடுக்கடல்ல, அதும் ஆடியில அழைச்சா அது அழைப்பா?"

"அப்போ ஆவணியில வருவீங்ளா?"

அவள் நின்றாள். நானும் நின்றேன். பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதி எங்களை ஒதுங்கித் தாண்டிப் போனார்கள்.

"வந்தா ஒரு தடவதான் வருவேன். நீ ஊட்ல இல்லீன்னா அப்படியே திரும்பிப் போயிருவேன்."

அன்று ராத்திரியும் உப்பு அவள் வீட்டுக்காரர் வழியாகத்தான் போனது.

ஆவணி பிறந்தது. நான் வீட்டை விட்டு நகரவில்லை. என்றைக்கு வருவாள் என்று கேட்கவும் வாயில்லை. கடையைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொண்டார். சேலத்தில் ஒரு துக்கத்துக்கு மனைவியைத் தனியாக அனுப்பினேன். கேட்டைச் சாத்த விடவில்லை. குளிக்கப் போனால்கூட, கார் வந்தால் கதவைத் தட்டு என்று சொல்லிவிட்டுப் போனேன். எப்போதடா இறங்குவோம் என்று கப்பலில் தவித்தவன், நாலு பக்கமும் ரோடு கிடக்க, வாசலுக்கும் கூடத்துக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். "கப்பல்லயாச்சும் மேல போய் நடந்தீங்க" என்றாள் மனைவி. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. முகூர்த்தம் நெருங்க நெருங்க, பெரியப்பா மகன் புது வேட்டி எடுத்துவிட்டான் என்ற செய்தியும் வந்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் கார் வந்து நின்றது. அக்காவும் மாமாவும் இறங்கினார்கள். அவள் கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், மேலே பத்திரிகை. நான் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க்கா. கடைக்குக் கிளம்பிட்டிருந்தேன், நல்ல நேரம் வந்தீங்க" என்றேன்.

அக்கா என் நாலு நாள் தாடியைப் பார்த்தாள். திறந்து கிடந்த கேட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எங்கயும் போகலைன்னு எனக்குத் தெரியும் சாமி. மூணு தடவ இந்த வீதிமுக்கு வரைக்கும் வந்தேன். கேட் தொறந்தேதான் இருந்துச்சு. எனக்குத்தான் காரை உட்டு எறங்க முடியல" என்றாள்.

தட்டை நீட்டினாள். இந்தத் தடவை அவள் சுவரைப் பார்க்கவில்லை. நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.