தூங்குமூஞ்சி மரத்தடிக் கல்

இருபத்தெட்டு வருடம் ஆசிரியையாக இருந்தவளுக்குக் கை சும்மா இருக்காது. சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியலைக் கொடுத்தால் எழுத்துப் பிழைதான் முதலில் கண்ணில் படும். யார் வீட்டிலாவது படம் கோணலாகத் தொங்கினால், எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் காப்பியைத் தொடுவேன். என் கணவர் இதற்கு டீச்சர் வியாதி என்று பெயர் வைத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்ட பெயர்தான். இப்போது சிரிக்க முடிவதில்லை. ஒரு பெண்ணுக்கு மிச்சமிருந்த ஒன்றை அந்த வியாதிதான் கொண்டுபோனது.

நான் பிறந்தது தெலுக் இந்தானில். கல்யாணமாகி சிங்கப்பூருக்குப் போய் முப்பது வருடமாகிறது. கடப்பிதழ் மட்டும் இன்னும் மலேசியாவுடையது. அடுக்குமாடி வீட்டின் பதினொன்றாம் மாடியிலேயே வளர்ந்த என் பிள்ளைகள், விடுமுறைக்குப் போய் இருக்க மண்ணும் மரமுமாக ஒரு வீடு வேண்டும் என்று கேட்கவே இல்லை. நான்தான் அவர்களுக்காகக் கேட்டு, கணவரை நச்சரித்து, மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு பழைய வீட்டை வாங்க வைத்தேன். அந்த இடம் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணி குடியிருந்த வீடு அது. பால்மரங்களை அழித்துச் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு வெகுகாலமாகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள். இந்த வீடும் இதைச் சுற்றி ஒரு துண்டு நிலமும் மட்டும் தப்பித்திருந்தன.

கூரையில் வௌவால், சுவரில் கறையான். கணவர் உள்ளே போன வேகத்தில் தும்மிக்கொண்டே வெளியே வந்தார். எனக்கோ பார்த்த இடமெல்லாம் திருத்த வேண்டிய பிழை. பெரிய கட்டாகப் பரீட்சைத் தாள் கிடைத்த மாதிரி மனம் குளிர்ந்துபோயிற்று.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதனடியில் நான்கு கம்புகளின்மேல் ஒரு தகரம். தகரத்தின் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல், மஞ்சளும் எண்ணெயும் அப்பி நின்றது. பக்கத்தில் துருப்பிடித்த சூலம், எதிரே பாதி எரிந்த சுருட்டு. முனியாண்டி சாமி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் அக்கா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். கூடையில் செம்பருத்தி. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். டவுனிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து விளக்கேற்றுகிறார். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

"வீட்ட எப்படி வேணும்னாலும் மாத்திக்கங்க டீச்சர், ஒங்க வீடு. அந்தக் கல்ல மட்டும் தொட்டுறாதீங்க லா. எங்க வீட்டுக்காரரு ஆத்துலேருந்து தோள்ல தூக்கியாந்து வச்சது."

அக்காவின் கணவர் தோட்டத்தில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாராம். தோட்டத்தை விற்றபின் லயத்தை இடித்தார்கள், இடுகாட்டையும் சேர்த்து உழுதுவிட்டார்கள். அவரைப் புதைத்த இடத்தில் இப்போது எந்தச் செம்பனை நிற்கிறது என்று அக்காவுக்குத் தெரியாது. இந்தக் கல் ஒன்றுதான் இருக்கிறது என்றார். அழவில்லை. காய்கறிக் கடையில் நின்று பேசுவதுபோல்தான் சொன்னார். தொட மாட்டேன் அக்கா என்று நான் அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

வேலையை ஈப்போவிலிருந்த ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்தோம். நல்ல மனிதர். வாரம் தவறாமல் படம் எடுத்துக் கைப்பேசியில் அனுப்புவார். நான் சிங்கப்பூரில் உட்கார்ந்து, படத்தின்மேல் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். ஜன்னல் கொக்கி, படிக்கட்டு, தண்ணீர்க் குழாய் என்று எதையும் விடவில்லை. கண் விழித்து நோட்டுத் திருத்திய காலத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

டிசம்பரில் புதுமனை புகுவிழா என்று முடிவாயிற்று. என் மாமியார் வீட்டு ஆட்கள் எல்லாரும் வருவார்கள். அந்தச் சமயம் பார்த்து மரத்தடிப் படம் ஒன்று வந்தது. தகரம் சாய்ந்திருந்தது. எண்ணெய்க் கறை, சுருட்டுத் துண்டு, எப்போதோ அறுத்த சேவலின் இறகு. இதைப் பார்த்தால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. சாமியை ஏன் இப்படி வைத்திருக்க வேண்டும், அக்காவுக்கும் சந்தோஷமாக இருக்குமே என்பதெல்லாம் அதற்குப் பிறகு நான் சேர்த்துக்கொண்ட காரணங்கள். மொத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக ஒரு சிவப்பு வட்டம் போட்டு, இதை எடுத்துவிட்டு முறையாக ஒரு கோயில் கட்டுங்கள் என்று எழுதினேன். கல்லைப் பற்றித் தனியாக எதுவும் எழுதவில்லை. அது அங்கேயே இருக்கும் என்று நினைத்தேனா, புதுச் சிலை வந்தபின் எதற்கு என்று நினைத்தேனா, இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை.

அக்காவைக் கைப்பேசியில் கூப்பிட்டு, கம்பியும் செங்கல்லுமாகக் கிடக்கிறது, விழுந்துவிடப் போகிறீர்கள், இரண்டு மாதம் வர வேண்டாம் என்றேன். அவரை ஆச்சரியப்படுத்த வேண்டுமாம் எனக்கு. சரி டீச்சர் என்றார். சொன்னபடியே வரவில்லை.

விழா அன்று காலை மரத்தடி பளபளவென்று இருந்தது. பளிங்குத் தரை, ஓடு வேய்ந்த கூரை, மீசை முறுக்கிய புதுச் சிலை. ஈப்போவிலிருந்து வந்த குருக்கள் கும்பத்து நீரை ஊற்றிவிட்டு, இனி இங்கே சைவப் படையல்தான், சுருட்டு, சேவல் எதுவும் ஆகாது என்றார். நான் தலையாட்டினேன். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கையில் சுருட்டுப் பொட்டலத்தோடு வந்து பின்னால் நின்றார். அதை நானே அவர் கையிலிருந்து வாங்கி, மெதுவாக அவர் பைக்குள் வைத்தேன். அந்தச் செய்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அக்கா சிலையைப் பார்த்தார். சுற்றிப்போய்ப் பின்பக்கம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நல்லாருக்கு டீச்சர். பழைய கல்லு எங்க?"

நான் காண்ட்ராக்டரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்தத் தரை போட்டபோது பள்ளத்தை நிரப்பக் கல் தேவைப்பட்டதாம். பின்பக்கம் அள்ளியதை எல்லாம் வேலையாட்கள் அதில் கொட்டியிருக்கிறார்கள். உடைத்துப் போட்டார்களா, முழுசாகப் போட்டார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. மேலே சிமெண்டு ஊற்றி ஒரு மாதமாகிறது. அன்று வந்த கார்களெல்லாம் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

இன்றைக்கே தரையை உடைக்கிறேன் அக்கா என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அதுல எத்தனையோ கல்லு கெடக்கும். எல்லாத்தையும் கழுவி என் முன்னால வச்சு, எதுன்னு எனக்கே அடையாளம் தெரியாமப் போச்சுன்னா?"

அவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், இலையை மடித்தார், என் மாமியாரிடம் சொல்லிக்கொண்டு போனார். கோயிலுக்கு வந்துபோகட்டும் என்று ஆசையாகச் செய்து வைத்திருந்த வாசல் கேட்டுச் சாவியை அவர் கையில் திணித்தேன். வாங்கிக்கொண்டார். இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்து நாங்கள் போனது ஜூன் விடுமுறைக்கு. ராத்திரி வந்து சேர்ந்து, அலுப்பில் அப்படியே படுத்துவிட்டோம். காலையில் காரைக் கழுவ வசதியாக வெளியே எடுத்து நிறுத்தச் சொன்னேன். பார்த்தால் சிமெண்டுத் தரையெங்கும் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். ஓரத்தில், நடுவில், படிக்குப் பக்கத்தில் என்று ஒழுங்கே இல்லாமல் இருந்தன. என்ஜின் எண்ணெய் ஒழுகியிருக்கும் என்று கணவரைத் திட்டிக்கொண்டே வாளியும் பிரஷும் எடுத்து உட்கார்ந்தேன். முட்டி வலிக்கத் தேய்த்தேன். பாதித் தரை சுத்தமானபோது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அன்று வெள்ளிக்கிழமை என்பதே எனக்கு நினைவில்லை.

அக்கா கையில் கற்பூரமும் ஒரு சுருட்டும் இருந்தன. மரத்தடிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நேராகக் கார் நிற்கும் தரைக்கு வந்து, செருப்பைக் கழற்றினார். நான் வாளியோடு எழுந்து நின்றேன்.

"எந்த எடத்துல கெடக்குறாருன்னு தெரியலல்ல டீச்சர். அதான் வாரா வாரம் எடம் மாத்திக் கற்பூரம் ஏத்துறேன். ஒரு தடவையாச்சும் சரியா அவருக்கு மேல அமைஞ்சிரும்."

சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார். ஈரத் தரையையும் என் கையிலிருந்த பிரஷையும் பார்த்தார். எது எண்ணெய்க் கறை என்று நினைத்தேனோ, அது ஆறு மாதத்து வெள்ளிக்கிழமைகள். அதில் பாதியை நான் அழித்திருந்தேன். எங்கெங்கே ஏற்றியாயிற்று என்று இனி அவருக்கும் தெரியாது.

அக்கா சுவரோரமாகக் காய்ந்த இடம் ஒன்றைத் தேடி உட்கார்ந்தார்.

"பரவால்ல டீச்சர்," என்று தீப்பெட்டியை எடுத்தார். "மொதல்லேருந்து ஏத்துறேன்."