கண்ணாடிச் சில்லில் தெரியாதது

எண்பதுகளில் அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மலம் பரிசோதிக்கும் வேலை எனக்கு. பெரியவர்கள் தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். கைக்குழந்தைக்குத் தண்ணீராகப் போனால், நனைந்த துணியையே சுருட்டி என்னிடம் நீட்டிவிடுவார்கள். அதைக் கண்ணாடிச் சில்லில் பிழிந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். அமீபாவோ புழு முட்டையோ தெரிந்தால் லைசால் போட்டுக் கை கழுவுவேன். எதுவும் தெரியாவிட்டால் வெறும் தண்ணீர்தான். இல்லாத கிருமிக்கு எதற்கு மருந்தை வீணாக்குவது?

ஒரு மார்கழியில் துணி துணியாக வந்து குவிந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எல்லாவற்றுக்கும் 'ஒன்றும் இல்லை' என்றே எழுதினேன். அந்த வாரமே என் எட்டு மாத மகளுக்கும் அதே பேதி. உச்சிக்குழி உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. பிழைப்பாளா என்றே தெரியவில்லை.

தெருவுக்குப் பால் ஊற்றும் அம்மாள் மேல்தான் சந்தேகம். அவள் பாலைத் திருட்டுத்தனமாக எடுத்துப்போய்ச் சோதித்தேன். சுத்தமாக இருந்தது. அப்படியும் விட்டேனா? சரியான கைகாரி என்று நினைத்துக்கொண்டேன். கை கழுவாமல் பால் கறக்கிறவள் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று வாசலில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மகளுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இது வைரஸா இருக்கும். ஒங்க மைக்ராஸ்கோப்புல அது தெரியாது" என்றார் குழந்தை டாக்டர். அவளுடையதையும் அன்றைக்கு வந்த மற்ற துணிகளில் பிழிந்ததையும் ஐஸ் பெட்டியில் வைத்து, வெளியூர்ப் பெரிய லேப் ஒன்றுக்கு ரயிலில் அனுப்பினார். அங்கே சின்னச் சின்னக் குழிகளில் விட்டு மருந்து சேர்ப்பார்களாம். வைரஸ் இருந்தால் நிறம் மாறுமாம். அதையும் நான் நம்பவில்லை.

முடிவு வருவதற்குள் மகள் தேறிவிட்டாள். அனுப்பிய அத்தனையும் நிறம் மாறியிருந்தன. கையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருகிற ஜாதி இது, வெறும் தண்ணீருக்குப் போகாது என்றார் டாக்டர். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் தூக்குவது மகளைத்தான்.

அன்று சாயங்காலம் பால்கார அம்மாள் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"கொழந்தைக்குத் தேவலையாங்க? சோப்பு போட்டுக் கைய கழுவிட்டுத்தான் வந்திருக்கேன். ஒருதரம் தூக்கிக்கட்டுங்களா?"

மனைவி குழந்தையை அவளிடம் கொடுத்தாள். என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் நின்றேன்.