பெரியப்பா எந்த வழியில் பெரியப்பா

மகளுக்குக் காது குத்துவதை ஊன்ட்றொப் ஊரின் அம்மன் கோயிலில் வைப்பது என்று முடிவானதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, பிள்ளையை யார் மடியில் வைத்திருப்பது என்பதுதான். அது தாய்மாமனின் உரிமை. எனக்குக் கூடப்பிறந்த ஆண்கள் இல்லை. பெரியப்பாவின் மகனை அண்ணா என்றுதான் அழைக்கிறேன். நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் பீலெஃபெல்ட் நகரில் அவர் வீடு எங்களுக்கு அடுத்த தெரு. அவரைச் சொன்னேன்.

"பெரியப்பா எண்டால் உம்மட அப்பாவோட கூடப்பிறந்தவரோ? எந்த ஊர் அவை?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இத்தனை படித்தும் இது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. அப்பாவின் தகப்பனான அப்பப்பாவின் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். எப்படி எண்ணினாலும் பெரியப்பா அதற்குள் வரவில்லை. எங்கள் வீட்டில் மாலை போட்டுத் தொங்குவது அப்பப்பாவின் படம். அவர்கள் வீட்டில் தொங்கும் கிழவர் வேறு ஒருவர். சிறுவயதிலிருந்து இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை.

அப்பா என் மகளின் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அப்பா, பெரியப்பா எங்களுக்கு எந்த வழியில சொந்தம்?"

"என்ர தமையன்."

"அப்பப்பாவுக்கு நீங்கள்தானே மூத்த பிள்ளை."

அவர் மற்றச் சப்பாத்தையும் மாட்டி முடித்தார்.

"நாங்கள் வரேக்கை இந்த ஊரில எங்கட ஆக்கள் ஒரு கை விரலுக்குள்ள. அகதி முகாமில எனக்கும் அண்ணைக்கும் ஒரு அறை. வந்த கிழமையே எனக்குக் காய்ச்சல். அறையில சமைக்கக் கூடாது. அண்ணை உடுப்பு அலுமாரிக்குள்ள அடுப்பை ஒளிச்சு வச்சுக் கஞ்சி காய்ச்சித் தந்தவர். உடுப்பெல்லாம் கஞ்சி மணம். என்ர கலியாணத்துக்கு மாப்பிள்ளைப் பக்கம் எண்டு நிண்டதும் அவர் ஒராள்தான்."

"அப்ப, சொந்தமில்லையோ?"

"அந்த நேரம் அகதி விசாரணையிலயும் இப்பிடித்தான் கேட்டவங்கள். அவங்களுக்கு அது வேலை. உனக்கு என்னத்துக்கு?"

"மாமி கேட்டவ. எந்த ஊர் எண்டு."

அப்பா சிரித்தார். "அவ ஊரைக் கேக்கேல்லைப் பிள்ளை. ஆர் ஆக்கள் எண்டு கேக்கிறா."

ஊரைச் சொன்னால் சாதியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமியாரின் கேள்வியைத்தான் நான் அப்பாவிடம் அப்படியே கொண்டுபோயிருந்தேன்.

"கூடப்பிறந்தவர் எண்டு சொல்லிவிடும்," என்றார் கணவர். "ஆர் போய்ப் பாக்கப்போகினம்?"

சொல்லியிருக்கலாம். மாமியாரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. காது குத்தும் நாளில் அவர் முகம் கறுத்திருந்தால் என்ன செய்வது, பெரியப்பாவின் காதில் ஏதாவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று மாறி மாறி யோசித்தேன். ஆனால் கூடப்பிறந்தவர் என்று சொல்லிவிட்டால் அந்தக் கஞ்சி ஒரு தமையனின் கடமையாகிவிடும். அவருக்கு அப்படி எந்தக் கடமையும் இருக்கவில்லை. அதை மறைப்பதுதான் எனக்குப் பெரிய பொய்யாகப் பட்டது. இது சரியான யோசனையா, அல்லது பொய் பிடிபட்டுவிடும் என்ற பயத்தில் நான் பிடித்துக்கொண்ட நியாயமா என்று இன்றைக்கும் தெரியாது.

அடுத்த நாள் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"மாமி, பெரியப்பா அப்பாவோட கூடப்பிறந்தவர் இல்லை. வந்த புதுசில ஒரு அறையில இருந்தவை. நான் அவையின்ர ஊரைக் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன்."

மாமியார் நிமிரவில்லை. ஒரு பிடி கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்தார்.

"அப்ப தோடு ஆர் போடுறது? தாய்மாமன் எண்டால் தோடும் அவைதானே கொண்டுவரவேணும்."

சம்மதித்துவிட்டாரா, பொறி வைக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"ஓம் மாமி, கொண்டுவருவினம்," என்றேன்.

பிறகுதான் அறைக்குள் போய் அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பிள்ளையை மடியில் வைத்திருப்பாரா என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.