சுவரில் வந்த நீலம்

குழாயில் வராத தண்ணீர் எங்கள் வீட்டுச் சுவரில் வந்தது. குன்னூரில் நகராட்சித் தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு காத்துக்கிடந்த நாட்களில்கூடக் கீழறையின் பின்சுவர் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் கசிந்துகொண்டிருந்தது.

மலைச்சரிவில் கட்டிய வீடு. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும் சமையலறையும்தான் தெரியும். ஹாலிலிருந்து படியிறங்கினால், முன்பக்கம் வெளிச்சத்திலும் பின்பக்கம் மண்ணுக்குள்ளுமாக ஓர் அறை. மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருந்த அப்பா அங்கேதான் அலுமினியக் குண்டான்களை அடுக்கியிருந்தார். குண்டானுக்கு ஈரம் ஒரு பொருட்டா? அதனால் அந்தச் சுவரை யாரும் கவனித்ததே இல்லை.

எனக்கு எட்டு வயதானபோது, ஐப்பசி மாதத்தில், அப்பாவின் தங்கை கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டியோடும் தையல் மெஷினோடும் வந்தாள். மாமா வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அத்தை ஓய்வெடுக்க வந்திருக்கிறாள் என்றார்கள். தையல் மெஷினோடு யார் ஓய்வெடுக்க வருவார்கள் என்று எனக்குக் குழப்பம். ஆனால் கேட்கவில்லை. குண்டான்கள் கடைக்குப் போயின, கீழறைக்கு ஒரு கட்டில் வந்தது. மூன்றாம் நாளே கட்டில் கால் நனைந்துவிட்டது.

அத்தை மேலே வந்து ஹாலில் என்னோடு படுத்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் வந்ததில்லை. குளிரில் என் கால்களை எடுத்துத் தன் கால்களுக்கிடையில் வைத்துக்கொள்வாள். அம்மா நான்கு முறை கூப்பிட்டால்தான் எழுவேன்.

அப்பாவுக்கோ நிம்மதி போயிற்று. உள்ளூர்க் கொத்தனார்களை நம்பாமல் கோயம்புத்தூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார். அவர் அறைக்குள் வந்ததும் முதலில் அண்ணாந்து பார்த்தார். சமவெளியில் தண்ணீர் மேலிருந்துதான் ஒழுகும். அதனால் வீட்டுக் கூரை முழுக்கத் தார் பூசிவிட்டுப் போனார். சுவர் கசிந்தது. மழைதான் காரணம் என்றார்கள். மார்கழி வந்து மழை நின்று பனி விழுந்தது, சுவர் கசிந்தது. பிளம்பர் வந்து குழாயை இரண்டு நாள் அடைத்து வைத்தார். நாங்கள் குளிக்காமல் இருந்ததுதான் மிச்சம்.

நடுநடுவே பெரியப்பா போன் செய்வார். அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெற்றியைத் தேய்ப்பார். எங்கள் குடும்பத்தில் பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். தை மாதம் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் எதைப் பார்க்க வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் கொத்தனாரும் இல்லையே.

பிளம்பர்தான் கடைசியாக ஒரு யோசனை சொன்னார். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒவ்வொரு கழிவுநீர்க் குழாயிலும் தனித்தனியாக ஊற்ற வேண்டும். எதில் ஊற்றியபோது சுவரில் நீலம் வருகிறதோ அங்கேதான் கோளாறு. சனிக்கிழமை குளியலறையில் ஊற்றினார் அப்பா. ஒன்றும் வரவில்லை. ஞாயிறு காலை சமையலறைத் தொட்டியில் ஒரு பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போனார். சுவரோரம் குந்திக்கொண்டு பார்க்கும் பொறுப்பு எனக்கு.

மதியம் நீலம் வந்தது. சுவரின் அடியில் பென்சிலால் கோடு போட்டதுபோல மெல்லப் படர்ந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. கோளாறு தெரிந்தால் சுவர் காயும், சுவர் காய்ந்தால் அத்தை கீழே வந்துவிடுவாள். பக்கத்தில் கிடந்த கரித்துணியை எடுத்துத் துடைத்தேன். வர வரத் துடைத்தேன். துணியை என் புத்தகப் பையின் அடியில் திணித்தேன்.

மாலையில் அப்பா ஆசையாகக் கேட்டார். "ஒண்ணும் வரலீங்கப்பா" என்றேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஈரச் சுவருக்கு ஒருவர் இவ்வளவு வருத்தப்படுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பெரியப்பா வந்தார். செருப்பைக் கழற்றிய கையோடு கீழே இறங்கினார். சுவரில் உள்ளங்கையை அழுத்தி எடுத்து, நனைந்த கையை எல்லாரிடமும் காட்டினார்.

"இதுல ஒரு அரிசிச் சிப்பத்தைக்கூட வெக்க முடியாது. பொம்பளப்புள்ளய எப்படி வெப்பே? ஹாலுல எத்தன நாளைக்கு? வர்றவன் போறவன் பாக்க மாட்டானா?" என்று அப்பாவைக் கேட்டார். பிறகு அத்தையிடம் திரும்பி, "மாப்பிள்ளை கூப்புடறாரும்மா. கெளம்பு, சாயந்தரம் பஸ்ஸுக்குப் போயிரலாம்" என்றார்.

அத்தை மேலே வந்து புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். சுவர் நனைந்திருந்தால் அத்தை என்னோடு இருப்பாள் என்பதுதானே என் கணக்கு? நனைந்திருப்பதால் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறார்களே!

புத்தகப் பையைக் கவிழ்த்தேன். நீலம் காய்ந்து விறைத்த துணி விழுந்தது. "நீலம் வந்துச்சுங்கம்மா. நாந்தான் தொடச்சுட்டேன்" என்று ஓவென்று அழுதேன்.

"என்னைக்குக் கண்ணு?" என்றாள் அம்மா.

"போன ஞாயித்துக்கெழம."

அம்மா அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். போன ஞாயிறு ஊற்றியது சமையலறையில். பாத்திரம் கழுவும் தண்ணீர் வீணாகக் கூடாதென்று அம்மாதான் அதை ஒரு குழாய் வழியாகத் தன் கீரைப் பாத்திக்குத் திருப்பியிருந்தாள். அந்தப் பாத்தி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. மலையில் வீடு கட்டுகிறவர்கள், வெட்டிய சரிவுக்கும் பின்சுவருக்கும் நடுவில் இரண்டடிப் பள்ளம் விட்டிருப்பார்கள். மலைத்தண்ணீர் சுவரைத் தொடாமல் அதில் இறங்கி ஓடிவிடும். வீட்டை வாங்கி வந்த நாங்களோ சமவெளி ஆட்கள். இவ்வளவு இடத்தை யாராவது சும்மா போடுவார்களா என்று அம்மா மண் கொட்டித் தூர்த்து, புதினா, கொத்தமல்லி, கீரை எல்லாம் போட்டிருந்தாள். நான்கு இலைக்கு மேல் வளர மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு கறிவேப்பிலையும் நின்றது.

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. புதினாவில் என் பந்து விழுந்தாலே காதைத் திருகுகிறவள், அதே புதினாவை வேரோடு அள்ளி எறிந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நின்னு பாத்துட்டு இருக்கீங்க? அந்தக் கடப்பாறைய எடுங்க!" என்று அப்பாவை அதட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். பெரியப்பாவின் டீ ஆறி ஆடை கட்டியது. நான்கு மணிவாக்கில் பழைய கல்தளம் தெரிந்தது. ஓரத்தில் அடைத்திருந்த துவாரத்தைக் குத்திவிட்டதும், தேங்கிய தண்ணீர் களகளவென்று இறங்கிப் போனது. அம்மா மண்ணில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

பெரியப்பா அதை எட்டிப் பார்த்தார். தங்கையையும் பார்த்தார். "சரி, காயட்டும். பொறவு பாக்கலாம்" என்று தனியாகவே பஸ் ஏறினார்.

என்னை யாரும் அடிக்கவில்லை. அத்தை மட்டும் ஏன் துடைத்தாய் என்று கேட்டாள். "நீங்க கீழ போயிருவீங்கன்னு" என்றேன். அவள் சிரித்தாள், உடனே அழுதாள்.

சுவர் காயப் பங்குனியாயிற்று. வெள்ளையடித்து, கட்டிலையும் மெஷினையும் இறக்கினோம். வேறு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது, "கதவுக்கு உள்பக்கமா ஒரு தாப்பாள் மட்டும் போட்டுக் குடுங்கண்ணா" என்றாள். ஆசாரி போட்டுவிட்டுப் போனதும் கதவைச் சாத்தி அதை இழுத்தாள், திறந்தாள், மறுபடியும் இழுத்தாள்.

நான் படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீலத்தைத் துடைத்த கோபத்தில் என்னைத்தான் வெளியே நிறுத்துகிறாள் என்று நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தை மாமாவுக்குப் பயந்துதான் வந்திருந்தாள், அந்தத் தாழ்ப்பாளும் அவருக்குத்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.