ஆறுதலாகப் போன கல்யாணம்

திருச்சியில் நான் படித்த காலம் முழுவதும் என் தமிழைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னவன் வீரமலை. நான் கேட்டு அவன் அந்த வேலைக்கு வரவில்லை. அவனாக எடுத்துக்கொண்டான், பிறகு விடவே இல்லை.

1957இல் யாழ்ப்பாணத்துப் பக்கம் இளவாலையிலிருந்து புறப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் ரயில் பிடித்து நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். "மற்றப் பெடியள் சீமைக்குப் போய் பாஷை தெரியாமல் அந்தரிக்கிறாங்கள், உனக்கென்ன குறை" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்கிலீஷும் தமிழுமாகப் படித்து வளர்ந்தவன் நான். வகுப்பில் பாடம் இங்கிலீஷில் நடக்கும்வரை எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. மணி அடித்து விடுதிக்கு வந்து வாயைத் திறந்தால் வெளிநாட்டான் ஆகிவிடுவேன். அதுவும் யாரும் ஒப்புக்கொள்ளாத வெளிநாட்டான். வேறு ஏதாவது பாஷை பேசியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். தமிழைத் தப்பாகப் பேசுகிறான் என்றுதான் நினைத்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டது. விடுதிப் பையன்கள் மலைக்கோட்டைக்குக் கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

"ஓம், நான் வெளிக்கிட்டு வாறன். கொஞ்சம் நில்லுங்கோ" என்றேன்.

எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம்; சட்டை மாற்றிக்கொண்டு புறப்படுவதற்கு வெளிக்கிடுவது. என் அறையில் இருந்த அடைக்கலம் மூலையில் கிடந்த வாளியை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"வெளிக்குப் போறதுக்கு எங்களை எதுக்குய்யா நிக்கச் சொல்றே?" என்று வாசலில் நின்ற ஒருவன் கேட்டான். அவன்தான் வீரமலை.

நான் வாளியோடு நின்றதையும், பிறகு சட்டையை எடுத்து மாட்டியதையும் பார்த்துவிட்டு அவனே விஷயத்தைக் கண்டுபிடித்தான். வராந்தா முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான்: "யோவ், புறப்படுறதத்தான்யா இவரு அப்படிச் சொல்றாரு. சிலோன்ல அப்படியாம்."

அன்றிலிருந்து எனக்குப் பேச்சு அவன் வழியாகத்தான். டீக்கடையில் நான் "ஒரு தேத்தண்ணி" என்றால் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். வீரமலை பின்னால் இருந்து "டீ கேக்குறாருங்க" என்பான். பஸ்ஸில் கண்டக்டரிடம் நான் வாயெடுக்கும் முன்பே டிக்கெட் கேட்டுவிடுவான். "இவர் என்ன சொல்றாருன்னா..." என்று அவன் ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவன் இல்லாமல் போனால் இன்னும் மோசம்.

அவன் ஜீயபுரத்துக்காரன். காவிரிக் கரையில் வாழைத்தோட்டமும் கொஞ்சம் வயலும் உள்ள குடும்பம். அந்த வீட்டிலிருந்து காலேஜ் வாசல்படி ஏறிய முதல் ஆள். வகுப்பில் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பான். இங்கிலீஷில் கேள்வி வந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலுக்கு வந்துவிட்டால் ஆளே வேறு. எந்த பஸ், எந்தத் தியேட்டரில் மதியக் காட்சிக்கு இடம் கிடைக்கும், எந்த ஹோட்டலில் இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றுவார்கள், எல்லாம் அவன் சொன்னபடிதான். வாரநாட்களில் நான் இங்கிலீஷ் பாடத்தை அவனுக்குத் தமிழில் சொல்வேன். ஞாயிறன்று அவன் என் தமிழை ஊருக்குச் சொல்வான். வகுப்பில் பட்ட அவமானத்துக்கெல்லாம் வட்டியோடு வசூல் செய்கிறான் என்று எனக்குத் தோன்றும். பிற்பாடு பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா ஆனபோதும், அங்கே உல்லாசப் பயணத்துக்கு பஸ் பேசுகிறவன் தான்தான் என்று பெருமையாக எழுதியிருந்தான்.

ஒரு ஞாயிறு ஸ்ரீரங்கத்துக்குப் போனோம். நல்ல வெயில். உத்தர வீதியில் ஒரு வீட்டு வாசலில் குடிக்கத் தண்ணீர் கேட்டோம். ரங்கநாயகி மாமி என்று பக்கத்து வீட்டார் கூப்பிட்ட ஒரு அம்மாள் செம்போடு வந்தார்.

"எனக்கும் கொஞ்சம் தாங்கோ அம்மா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க எந்தூர்? நம்மடவாளா? திருநாமம் என்ன?"

"சகாயநாதன்."

அவர் குழம்பி நின்றார். வீரமலை முந்திக்கொண்டான். "இவரு சிலோன் ஐயங்கார் மாமி."

"சிலோன்லகூட இருக்காளா? பெருமாளே" என்று சொல்லி எனக்கு மட்டும் இரண்டாம் தடவை ஊற்றினார். ஞாயிறு தவறாமல் கோவிலில் பூசை காணும் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை நான். திரும்பி வரும்போது பஸ் முழுக்க "ஐயங்கார்வாள், தள்ளி உக்காருங்கோ" என்று ஒரே கூத்து. அடுத்த வாரமும் அதேதான். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு வீடு. விடுமுறை வந்தால் விடுதி காலியாகிவிடும். சமையற்காரரும் நானும் வாட்ச்மேனும் மிஞ்சுவோம். மலைக்கோட்டை பார்த்தாயிற்று, கல்லணை பார்த்தாயிற்று, பார்க்காத சினிமா இல்லை. ஒருவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டது கிடையாது. "எங்க வீட்டுக்கு ஒரு நாள் வாய்யா" என்று வீரமலை அடிக்கடி சொல்வான். எந்த நாள் என்று சொல்ல மாட்டான்.

காரணம் முக்கொம்புக்குப் போன அன்றைக்குத் தெரிந்தது. பஸ் ஜீயபுரத்தைத் தாண்டியபோது அவன் தன் ஊர்ப் பக்கமே திரும்பாமல் எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அணைக்கட்டு ஓரம் உட்கார்ந்திருக்கும்போது நானே கேட்டேன்.

"வீட்டுல ஒரு காரியம் நின்னு போச்சுய்யா" என்றான். தங்கை பொன்னுத்தாய்க்குப் பரிசம் போட்டுக் கல்யாண நாளும் குறித்த பிறகு மாப்பிள்ளையின் தகப்பனார் இறந்துவிட்டார். பெண்ணின் ராசி சரியில்லை என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். "அதுலேருந்து எங்கப்பா யாரையும் வீட்டுக்கு வான்னு சொல்றதில்ல. இன்னொரு இடம் அமையட்டும். முதல் பத்திரிகை உனக்குத்தான்."

அடுத்த வருஷம் தை மாதத்துக்கு இடம் அமைந்தது. வீரமலையின் அப்பா காத்தமுத்து வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக விடுதிக்கே வந்துவிட்டார். தாம்பாளம் இல்லாததால் வெற்றிலை பாக்கைத் துண்டில் வைத்து, அதன் மேல் மஞ்சள் தடவிய பத்திரிகையை வைத்து நீட்டினார். வீரமலை அப்போது வகுப்பில் இருந்தான். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நான் தனியாக.

"தம்பி அவசியம் வரணும். முதல் நாளே வந்து தங்கிடுங்க" என்றார்.

முதல் நாள் எனக்குச் செய்முறைப் பரீட்சை. அவருக்கோ மார்க்கெட்டில் வண்டி காத்திருந்தது; அவசரப்பட்டார். மிகுந்த மரியாதையோடு சொன்னேன்: "நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ ஐயா. நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் ஆறுதலா வாறன்."

அவசரமில்லாமல் மெதுவாக வருகிறேன் என்பதற்கு எங்கள் சொல் அது. அவர் முகம் கறுத்துப்போனது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

சாயங்காலம், மார்க்கெட்டில் அப்பாவைப் பார்த்துவிட்டு வீரமலை புயல் மாதிரி வந்தான். "எங்கப்பாகிட்ட என்னய்யா சொன்னே?"

சொன்னேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"ஆறுதல் சொல்ல எழவு வீட்டுக்குத்தான்யா வருவாங்க. போன தடவை ஆறுதல் சொல்ல வந்தவங்களாலதான் அவரு ஒரு மாசம் தோட்டத்துலயே படுத்துக் கிடந்தாரு. கல்யாணப் பத்திரிகையைக் கையில வாங்கிக்கிட்டு ஆறுதலா வரேன்னு சொல்லியிருக்கியே. அவரு என்னா நினைப்பாரு, இதுவும் நிக்கப்போவுதுன்னு நினைக்க மாட்டாரு?"

"மெல்லமா வாறன் எண்டுதான்..."

"எனக்குத் தெரியும்யா. அவருக்குத் தெரியணுமே."

விளக்கிச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டான். அந்த வாரம் நான் யாரிடமும் பேசவில்லை. சாப்பாட்டு அறையில் கூட விரலால்தான் காட்டினேன். ஒரு வீடு திறந்தது; அதன் கதவை என் வாயாலேயே அடைத்துக்கொண்டேன். அதுவும் சுத்தமான தமிழில்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது காத்தமுத்து மறுபடி வந்தார். மார்க்கெட்டுக்கு வந்தவர், விடுதி வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு சீப்பு பூவன் பழத்தை என் கையில் கொடுத்தார். இந்தத் தடவை சிரித்தார்.

"பையன் எல்லாம் சொன்னான். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க தம்பி. நீங்க ஆறுதலாவே வாங்க."

வண்டி போய்விட்டது. நான் பழத்தோடு நின்றேன். ஆறுதலாவே. அந்த ஏகாரம் என்னைத் தூங்கவிடவில்லை. அடைக்கலத்திடம் கேட்டேன். அவன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். பெரியவர்கள் பேச்சின் உள்ளர்த்தம் தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வான்.

"நாகரிகமான மனுசன்யா" என்றான். "நேரா வராதேன்னு சொல்ல முடியுமா? முகூர்த்தம் முடிஞ்சு வந்து சாப்பிட்டுப் போன்னு அர்த்தம். மனசுல வச்சுக்காதீங்கன்னு வேற சொல்லியிருக்காரே, அப்புறம் என்ன சந்தேகம்?"

அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது. கேட்டுத் தெளிய வீரமலையும் இல்லை.

கல்யாணத்தன்று விடியும் முன்பே குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு சத்திரம் பஸ் நிறுத்தத்தில் ஏறினேன். ஜீயபுரத்தில் இறங்கியபோது வாழைத்தோட்டங்களுக்கு மேலாக நாயனச் சத்தம் வந்தது. பந்தல் கண்ணுக்குத் தெரிந்தது. நான் போகவில்லை. ரோட்டோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"கல்யாணத்துக்கா? போங்க, முகூர்த்த நேரமாச்சு" என்றார் கடைக்காரர்.

"நான் ஆறு..." என்று தொடங்கி நிறுத்தினேன். "மெதுவாப் போறேங்க."

அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது. பத்து நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா?

டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். திடீரென்று மேளம் உச்சத்துக்கு ஏறி முழங்கியது. தாலி ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். இந்தக் கல்யாணம் நிற்கவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். வந்த கல்யாணத்தை டீக்கடையிலிருந்து காதால் கேட்கிறேனே என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம். சாப்பிட்டவர்கள் வெற்றிலை மென்றுகொண்டு ரோட்டுக்கு வரும்வரை காத்திருந்து, பிறகுதான் எழுந்து போனேன்.

பந்தல் வாசலில் வீரமலை நின்றான். கையில் பன்னீர்ச் செம்பு. என்னைப் பார்த்ததும் அதைக் கவிழ்த்துக் காட்டினான். சொட்டு இல்லை.

"எங்கய்யா போயிட்டே?" குரல் தாழ்ந்திருந்ததால் கோபம் அதிகமாகத் தெரிந்தது. "வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சு வாங்கன்னு சொல்றதுக்கு உன்னைத்தான் வச்சிருந்தேன். சிலோன்லேருந்து எங்காளு வந்து நிப்பாருன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லி வச்சிருந்தேன். அவங்க வந்து எங்க எங்கன்னு தேடுறாங்க. பாலக்கரையிலேருந்து போட்டோக்காரர் வந்து, உனக்காக நின்னு பார்த்துட்டு, எடுத்துட்டுப் போயிட்டாரு."

"உங்கட அப்பாதான் ஆறுதலா வரச் சொன்னவர்."

"ஆமா சொன்னாரு. உங்க பாஷைல சொன்னாரு. நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஆறுதலான்னா பதட்டப்படாம, நம்ம வீடு மாதிரி வர்றதுன்னு. அதைப் போய் ராத்திரியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டாரு, மனுசன்."

இதற்கு நான் எந்த ஊர்ப் பேச்சில் பதில் சொல்வது?

கடைசிப் பந்தி. நாயனக்காரர்களும் பந்தல் போட்டவர்களும் உட்கார்ந்த வரிசையின் ஓரத்தில் எனக்கு இலை போட்டார்கள். பாயசம் தீர்ந்துவிட்டிருந்தது. அப்பளம் நமத்துப்போயிருந்தது. காத்தமுத்து தானே சோற்றுக் கூடையோடு வந்து என் முன்னால் குனிந்தார். காலையிலிருந்து ஓடிய களைப்பு முகத்தில்.

"ஆறுதலா சாப்பிடுங்க தம்பி" என்றார். சொன்ன கையோடு அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மகனைத் திரும்பிப் பார்த்தார். "சரியாத்தானடா சொன்னேன்?"

வீரமலை நிமிரவில்லை. "என்னை ஏன் கேக்குறீங்க? அவரையே கேளுங்க."

அவன் மொழிபெயர்க்க மறுத்தது அன்று ஒரு நாள்தான். பெரியவர் கூடையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"சரிங்க" என்றேன்.

"ஓம்னு சொல்லேன்யா" என்று வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வீரமலை முனகியது கேட்டது.