ரிவர்ஸில் குனியும் கண்ணாடி

என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. சிகரெட் வாசனை வந்தாலே தும்முவார். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான். எந்தப் பைத்தியமும் பிடிக்காத மனிதர் யாரும் இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது நாங்கள் வாங்கிய பழைய கார்தான்.

அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் வாயிலிருந்து வருவது இவ்வளவுதான்: "அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. ம், மூச்சு விடலாம்." வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை. சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக் குடிப்பார். இன்று என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, ரெண்டு கை, ஒரு இடுப்பு" என்பார்.

அந்தக் காரை வாங்கி வந்த அன்று நான் சீட்டில் கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கியருக்குப் பக்கத்திலிருந்த பொத்தான் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு பொத்தான்கள் மொட்டை. மேலே படம் இல்லை, அழுத்தினால் உள்ளே போகவும் இல்லை.

"இது எதுக்கு இருக்கு?"

"எல்லா வண்டிலயும் இப்படி ரெண்டு இருக்கும்ங்க. விடுங்க."

விடுவாரா? எல்லாருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே தொழிலாக இருக்கிற மனிதர். இண்டர்நெட்டில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தார். கம்பெனிக்காரன் ஒரே காரை விலை குறைவாக ஒன்று, விலை அதிகமாக ஒன்று என்று விற்கிறானாம். பல வசதிகளுக்கு வேண்டிய மோட்டாரும் வயரும் இரண்டிலுமே இருக்குமாம். விலை குறைந்ததில் மட்டும் சாஃப்ட்வேரில் பூட்டி வைத்துவிடுவானாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட். அதில் தீப்பெட்டி அளவு ஒரு பிளக்கைச் சொருகி, லேப்டாப்பில் 'கோடிங்' என்கிற எண் வரிசையில் பூஜ்யம் இருக்கிற இடத்தில் ஒன்று என்று மாற்றி எழுதினால் பூட்டு திறந்துவிடுமாம்.

"திருட்டு வேலையாங்க இது?" என்று கேட்டேன்.

"நம்ம வண்டி, நாம காசு குடுத்து வாங்கினது. உள்ள தூங்கிட்டு இருக்கு. எழுப்பறேன், அவ்வளவுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பாலை வைத்திருந்தவளைக் கீழே வரச் சொல்லிக் கூப்பிட்டார். சாவியைத் திருப்பினார். வேகம் காட்டுகிற முள்ளும் பக்கத்து முள்ளும் ஒரே மூச்சில் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்து படுத்துக்கொண்டன.

"அவ்ளோதானா?" என்றேன்.

"அவ்ளோதான்," என்றார். குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. மேலே போய்ப் பார்த்தால் பால் அடுப்பெல்லாம் பொங்கிக் கிடந்தது. அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு வாரம் ஒரு கூத்து. காரைப் பூட்டினால் சைடு கண்ணாடிகள் இரண்டும் காதை மடக்கிக்கொள்ளும். இறங்கி வந்தால் நாங்கள் வாசலுக்குப் போகும்வரை ஹெட்லைட் அணையாமல் வழிகாட்டும். சாவியிலுள்ள பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் எல்லா ஜன்னலும் தானாக இறங்கும், வெயிலில் நின்ற வண்டியின் சூடு வெளியே போவதற்காக. அந்தக் கடைசி வசதி வந்த வாரமே ஆஸ்பத்திரியில் இவர் குனிந்து ஒரு நோயாளியைப் படுக்க வைத்திருக்கிறார். இறுக்கமான பேண்ட் பாக்கெட்டில் சாவி. அது அழுந்த, பார்க்கிங்கில் நின்ற காரின் நான்கு ஜன்னலும் திறந்துகொண்டன. வெளியே அடைமழை. அன்றைக்கு வழியில் கடைத்தெருவில் என்னையும் ஏற்றிக்கொள்ள, பிளாஸ்டிக் பை விரித்த சீட்டில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தோம். "நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார். நான் ஈரப் பையை உதறி மடித்தேன். வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு வீடு இரண்டாகியிருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிரேக், ஏர்பேக் பக்கம் அவர் போகவே மாட்டார். என் தம்பி ஒருநாள் வந்து, பெல்ட் போடாவிட்டால் கத்துகிற சத்தத்தை நிறுத்தித் தரச் சொன்னான்.

"முடியாது மாப்ள."

"கோடிங்ல இடம் இல்லையா மாமா?"

"இடம் இருக்கு. பெல்ட் போடாதவங்களைத்தான் நான் தினம் படம் எடுக்கறேன். உன்னையும் எடுக்க வச்சிடாத." தம்பி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இனி அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப்போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற நர்ஸ். கார் டிக்கியில் பஞ்சும் மருந்துமாக ஊரெல்லாம் சுற்றுவார். தம்பி எவ்வளவு ஊமையோ அக்கா அவ்வளவு வாயாடி. பிடிவாதத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே அச்சு.

போன வருடம் அண்ணிக்குக் கழுத்து வலி வந்து கை மரத்துப்போக ஆரம்பித்தது. படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தது இவர்தான். "அசையாதக்கா, மூச்சை இழுத்துப் பிடி" என்றிருக்கிறார். படம் திரையில் வந்துவிட்டது. கழுத்தெலும்பு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதைப் பார்த்த இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்து சொல்ல வேண்டியதைச் சொல்ல மறந்துவிட்டார். உள்ளேயிருந்து அண்ணி திணறிப்போய்க் கத்தினாராம்: "டேய், மூச்சு விடலாமா, வேண்டாமா?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஸ்க்ரூ வைத்தார்கள். வலி போயிற்று, கூடவே கழுத்து திரும்புவதும் போயிற்று. கண்ணாடிகளைப் பார்த்து ஓட்டுவதாக இருந்தால் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். முன்னால் போவதில் அண்ணிக்கு ஒரு சிக்கலும் இல்லை. பின்னால் வருவதுதான் வினை. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அவருடைய பார்க்கிங், ஒரு பக்கம் தூண், எதிர்ப்பக்கம் முழங்கால் உயரம்கூட இல்லாத கல் விளிம்பு. சைடு கண்ணாடியில் சுவர் தெரியும், தரையோடு கிடக்கிற அந்தக் கல் தெரியாது. முன்பெல்லாம் தலையைத் திருப்பி எட்டிப் பார்த்து விடுவார். இப்போது சக்கரம் கல்லில் உரசுகிற சத்தம் கேட்டால்தான் தெரியும்.

இரண்டு தடவை உரசியது. மூன்றாம் தடவை, பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் ஒதுங்கியதால் பிழைத்தார். அன்று அண்ணி காரை நடுவழியிலேயே நிறுத்திவிட்டு மேலே போய்விட்டார். நாங்கள் போனபோது சாவி சாப்பாட்டு மேஜை மேலே கிடந்தது.

"திங்கக்கிழமை பெரிய நர்ஸ்கிட்ட சொல்லிடறேன். ஆபீஸ்ல ஒரு நாற்காலி இருக்காம். யார் யார் எந்த வீட்டுக்குப் போறாங்கன்னு போன்ல சொல்லிட்டு உக்காந்திருக்கணும். வண்டியை வித்துடலாம்."

வாயாடி அண்ணி அதை மெதுவாகச் சொன்னார்.  நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அண்ணியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இவர் மேஜை மேலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, ரிவர்ஸ் போட்டா சைடு கண்ணாடி தானா கீழ குனியும். தரை தெரியும். உன் வண்டியும் அதே கம்பெனிதான், அந்த மோட்டார் இருக்கு. தூங்குது."

"என் வண்டில கை வச்ச, கையை ஒடிச்சிடுவேன். உன் வண்டியே மழையில குளிச்சுது."

"ஒரே ஒரு தடவைக்கா."

"வேண்டாம்னா வேண்டாம்."

நான் குறுக்கே புகுந்தேன். "அண்ணி, எப்படியும் விக்கப்போற வண்டிதானே? இவர் கெடுத்தா கெட்டுட்டுப் போகட்டும்."

அண்ணி என்னை முறைத்தார். தலையைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பித்தான் முறைக்க வேண்டியிருந்தது. அதில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாவியைத் தள்ளிவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் கீழ்த்தளத்துக்குப் போனோம். நடுவழியில் நின்ற காரை அன்றே இவர் அதன் இடத்தில் விட்டிருந்தார். ட்யூப்லைட் வெளிச்சம், டயர் வாசனை. அண்ணி ஓட்டுகிற சீட்டில், இவர் பக்கத்து சீட்டில் மடியில் லேப்டாப்போடு, நான் பின்னால். முதலில், இருக்கிற கோடிங்கை அப்படியே காப்பி எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துத் தொழில் குரலில் சொன்னார்: "எழுதப் போறேன். முடியற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது, ஒண்ணையும் தொடக் கூடாது. அசையாதீங்க."

அசையாமல் இருந்தோம். லேப்டாப்பில் ஒரு பச்சைக் கோடு மெல்ல வளர்ந்தது. பாதி வந்திருக்கும், அண்ணியின் போன் அடித்தது. கட்டு நனைந்துவிட்டது என்று யாரோ ஒரு நோயாளி. கீழ்த்தளத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. பழக்க தோஷம், அண்ணி கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார்.

"அக்கா!"

பச்சைக் கோடு நின்றது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. மஞ்சள், சிவப்பு, பிரேக் படம், ஆச்சரியக் குறி. கூடவே டிங் டிங் என்று மணி.

"கொன்னுட்டியாடா என் வண்டியை?"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் காப்பி எடுத்து வைத்திருந்த பழைய கோடிங்கைத் திரும்ப ஏற்றினார். இந்த முறை அண்ணி போனை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டார். விளக்குகள் வந்த மாதிரியே ஒவ்வொன்றாகப் போயின. பிறகு மறுபடியும் முதலிலிருந்து. பச்சைக் கோடு கடைசி வரைக்கும் போயிற்று.

"போடுக்கா ரிவர்ஸ்."

போட்டார். கண்ணாடி அசையவில்லை.

எடுத்துவிட்டு மறுபடி போட்டார். ஒன்றும் இல்லை. இவர் கோடிங்கைச் சரிபார்த்தார், பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார், காரை அணைத்து எழுப்பினார், போனில் தன் கூட்டத்தார் எழுதியதையெல்லாம் படித்தார். ஒன்று என்று எழுதியது ஒன்றாகத்தான் இருந்தது. கண்ணாடி கல்லுப் பிள்ளையாராக இருந்தது. நான் மேலே போய்ப் போட்டுக் கொண்டுவந்த டீ ஆறி ஆடை கட்டியும் விட்டது. இவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"விடுடா," என்றார் அண்ணி. குரலில் கோபம் இல்லை. அதுதான் இவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். "நீ பண்ண வேண்டியதைப் பண்ணிட்ட. எனக்கு நாற்காலின்னு எழுதியிருக்கு."

"இன்னும் ஒரு இடத்துல பாத்துடறேன்க்கா. கதவுக்குள்ள தனியா ஒரு யூனிட் இருக்கு, அதுல..."

"யூனிட்டாம் யூனிட். நீ நோண்டினதுல உன் பக்கத்துக் கண்ணாடி கோணிக்கிட்டு வேற நிக்குது பாரு." இன்னும் ரிவர்ஸ் கியரிலேயே இருந்தது வண்டி. அண்ணி கதவிலிருந்த சின்னக் குமிழை, எந்தப் பக்கத்துக் கண்ணாடியைத் திருப்ப வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற அந்தக் குமிழை, சலிப்போடு இவர் இருந்த பக்கத்துக்குத் திருகினார்.

அந்தப் பக்கத்துக் கண்ணாடி மெல்லிய சத்தத்தோடு குனிந்தது.

 அந்தக் கண்ணாடியில் பின்சக்கரம் தெரிந்தது, பக்கத்தில் கல் விளிம்பு தெரிந்தது, அதில் அண்ணியின் காரே முன்பு உரசிய கறுப்புத் தடம்கூடத் தெரிந்தது.

குமிழ் அந்தப் பக்கம் பார்த்து இருந்தால்தான் கண்ணாடி குனியுமாம். கம்பெனிக்காரன் அப்படித்தான் வைத்திருக்கிறானாம். இவர் எங்கெங்கோ கோடிங்குக்குள் தலைகீழாக நின்று தேடியிருக்கிறார், கை எட்டுகிற தூரத்தில் ஒரு குமிழ். நான் சிரிக்க ஆரம்பித்தேன், அடக்க முடியவில்லை. இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அண்ணி சிரிக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பக் குனியுது. சக்கரம்தான் தெரியுது, பின்னால வர்றது தெரியல."

"உன் கண்ணுக்கு எவ்வளவு வேணுமோ நீயே வச்சிக்கக்கா. வச்ச இடத்தை வண்டி ஞாபகம் வச்சிக்கும். அதை நான் பண்ண முடியாது."

அண்ணி குமிழை ஒரு மயிரிழை மேலே, ஒரு மயிரிழை உள்ளே என்று தட்டித் தட்டி வைத்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு பேரும் இறங்குங்க."

இறங்கிச் சுவரோரம் நின்றோம். கார் முன்னால் போய், வளைந்து, நின்றது. வெள்ளை விளக்கு எரிந்தது. கண்ணாடி குனிந்தது. வண்டி பின்னால் வர ஆரம்பித்தது, மெதுவாக, தூணுக்கும் கல்லுக்கும் நடுவே. இவர் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆணி அடித்தாற்போல நின்றார். எனக்குப் பக்கத்தில் நிற்கிறவர் மூச்சு விடுகிற சத்தமே கேட்கவில்லை.

கார் நின்றது. உரசுகிற சத்தம் வரவில்லை. அண்ணி இறங்கிச் சுற்றி வந்து, கழுத்து குனியாததால் இடுப்போடு குனிந்து, சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தார். தாராளமாக நுழைந்தது. என்னிடம் கை நீட்டி போனை வாங்கி, "கட்டு நனைஞ்சவருக்கு இப்பவே கிளம்பி வர்றேன்னு சொல்றேன். நாற்காலிய வேற யாராவது தேய்க்கட்டும்," என்றார்.

அப்புறம் உடம்போடு தம்பி பக்கம் திரும்பினார். அவர் இன்னும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"டேய்," என்றார் அண்ணி. "ம், மூச்சு விடலாம்."